லாவா குழாய்க் குகைகளில் ஒளிப்படம்: நல்ல கேமரா இருக்க ஃபிளாஷ் எதற்கு?

வாசகர் கேள்வி (2024 செப்டம்பர் 8)

இப்போதைய கேமராக்கள் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 12800-இலும் தெளிவாகப் படமெடுக்கின்றன. கைப்பேசியிலேயே இரவு முறை வந்துவிட்டது. அப்படியிருக்க, எரிமலைக் குகைகளுக்குப் போகிறவர்கள் இன்னமும் மூன்று நான்கு ஃபிளாஷ்களையும் முக்காலியையும் சுமந்து செல்வது ஏன்? தலைவிளக்கின் வெளிச்சம் போதாதா? அடுத்த மாதம் குடும்பத்துடன் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஏப் குகைக்குப் போகவிருப்பதால் கேட்கிறேன்.

செப்டம்பர் 8, இரவு

போதாது. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் இருக்கிற வெளிச்சம் பெருகும். இல்லாத வெளிச்சம் வராது. வாயிலிலிருந்து இரண்டு வளைவுகள் தாண்டிவிட்டால் அங்கே இருப்பது நீங்கள் எடுத்துப்போன வெளிச்சம் மட்டுமே, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 9

சுண்ணாம்புக்கல் குகைகளில் படமெடுத்துப் பழகியவர்கள் லாவா குழாய்க்குள், அதாவது எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைக்குள், நுழைந்ததும் முதலில் தடுமாறுவது பாறையின் கருமையால்தான். சுண்ணாம்புக்கல் வெளிறியது; அதன்மேல் விழும் ஒளி சுவருக்குச் சுவர் தெறித்து, ஒரே விளக்கு இருந்தாலும் கூடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிடும். லாவா குழாயின் கரிய எரிமலைப் பாறையான பசால்ட்டோ, தன்மேல் விழுந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மிகச் சிறிதையே திருப்பித் தருகிறது.

ஏப் குகை, செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் தென்சரிவில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ஓடிய குழம்பினால் உருவானது. மேற்பரப்பு இறுகி ஓடாக மாறிய பின்னும் உள்ளே குழம்பு ஓடிக்கொண்டிருந்து, வரத்து நின்றபோது வடிந்துபோய், சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வெற்றுக் குழாயை விட்டுச் சென்றது. அந்தக் குழாயின் வரலாறு முழுவதும் அதன் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குழம்பின் மட்டம் படிப்படியாகத் தாழ்ந்தபோது விட்டுச்சென்ற கிடைக்கோடுகள், இடுப்பளவு உயரத்தில் திண்ணை போல நீளும் விளிம்புகள், வெப்பத்தில் மறுபடியும் உருகி வழவழப்பான மேற்பூச்சு, கூரையில் விரல்நுனி அளவே தொங்கும் லாவா துளிகள் ஆகியவற்றைத்தான் நாம் படமெடுக்கப் போகிறோம். இவற்றில் பலவும் சில சென்டிமீட்டர் மேடுபள்ளங்களே. மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் நிழல் விழ வேண்டும். விளக்கு பக்கத்திலிருந்து வந்தால்தான் நிழல் விழும். தலைவிளக்கோ லென்ஸுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அதன் வெளிச்சத்தில் ஒவ்வொரு நிழலும் தன் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால், திரையில் கிடைப்பது நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்த ஒரு தட்டையான வட்டம்.

ஆகவே நான் பின்பற்றும் முதல் விதி, கேமரா இருக்கும் இடத்தில் விளக்கு இருக்கக் கூடாது என்பது.

செப்டம்பர் 11

விளக்கைக் கேமராவிலிருந்து பிரிப்பதற்கு நிழலைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். கேமராவின் மேல் பொருத்திய ஃபிளாஷ் 2 மீட்டரில் உள்ள பாறைக்குச் சரியான வெளிச்சம் தந்தால், 10 மீட்டரில் உள்ள சுவருக்கு அதில் 25-இல் ஒரு பங்கே போய்ச் சேரும். நீண்ட குழாயைப் படமெடுக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, படத்தில் முன்னால் கிடந்த உருண்டைக் கல் பளபளக்கும், குழாய் காணாமல் போயிருக்கும்.

நான் செய்வது இதுதான். முக்காலியில் கேமரா. பதினைந்து அடி முன்னால், சுவரின் புடைப்புக்குப் பின்னே மறைவாக ஒரு ஃபிளாஷ். வளைவுக்கு அப்பால் நிற்கும் ஆளின் முதுகுக்குப் பின்னே, எங்களை நோக்கித் திரும்பியவாறு இன்னொன்று. இந்தப் பின்னொளி கூரையின் விளிம்பையும் ஆளின் தோள் கோட்டையும் வரைந்து காட்டும். குழாய் அங்கே முடியவில்லை, இன்னும் போகிறது என்பதையும் அதுவே சொல்லும். ஆள் இல்லாத லாவா குழாய்ப் படத்தில் கூரை 3 மீட்டரா 12 மீட்டரா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே ஒரு மனித உருவம் எப்போதும் தேவை.

எங்கள் குழுவில் அந்த உருவம் என் மைத்துனர். எல்லாப் படங்களிலும் தாம் இருப்பதாகவும் ஒன்றிலும் தம் முகம் இல்லை என்றும் அவர் வீட்டில் முறையிட்டிருக்கிறார்.

செப்டம்பர் 12

கைப்பேசியைப் பற்றிக் கேட்டவருக்கு: இரவு முறை பல குறுநேரப் படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது, பிறகு புள்ளி இரைச்சலைத் துடைக்கிறது. பசால்ட்டின் சொரசொரப்பும் அதற்கு இரைச்சலாகவே தெரிவதால் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. இருந்தாலும் கைப்பேசியைச் சிறு முக்காலியில் நிறுத்தி, கைவிளக்கை உடன் வந்தவரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னால், விலையுயர்ந்த கேமராவைத் தலைவிளக்கோடு பயன்படுத்துவதைவிட நல்ல படம் கிடைக்கும். இதைப் பெரிய கேமரா வாங்கியவர்களிடம் சொல்லிச் சண்டைக்கு நிற்க வேண்டாம்.

செப்டம்பர் 15

மதுரை நண்பர் ஒருவர், கேமராவின் ஒளிமீட்டர் காட்டுவதைப் பின்பற்றினால் போதுமே, இவ்வளவு கணக்கு எதற்கு என்று எழுதியிருக்கிறார். ஒளிமீட்டர், தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக்கொண்டு கணக்கிடும் கருவி. கரிய பாறையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். பாறை வெளிறி, ஈரம் பட்ட இடங்களெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக வெடித்திருக்கும். பசால்ட் கறுப்பாகவே இருக்க வேண்டும். அந்தக் கறுப்புக்குள் விவரம் தெரிய வேண்டும். நான் எல்லாவற்றையும் கைமுறையில் வைத்து, படத்தின் இருள்-ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருண்ட இடப்பக்கம் குவிந்திருப்பதைக் கண்டு பதறாமல், கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகவே எடுக்கிறேன்.

ஃபிளாஷின் வழிகாட்டி எண்ணை (அதைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் திறப்பின் எஃப் எண் வரும்) நம்பலாமா என்று அவரே கேட்டிருக்கிறார். ஐஎஸ்ஓ 100-இல் வழிகாட்டி எண் 60 என்றால், 10 மீட்டர் தூரத்துக்கு எஃப்/6 வரும். ஆனால் அந்தக் கணக்கு கரிய பாறையை மனத்தில் வைத்துப் போட்டதன்று. லாவா குழாயில் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது. அதாவது அதே திறப்பில் ஐஎஸ்ஓ 400. இங்கேதான் கேள்வி கேட்டவர் சொன்ன நல்ல கேமரா உண்மையிலேயே உதவுகிறது. முன்பு நான்கு ஃபிளாஷ் தேவைப்பட்ட கூடத்துக்கு இப்போது இரண்டு போதும். உயர் ஐஎஸ்ஓ சுமையைக் குறைக்கும். விளக்கு நிற்க வேண்டிய இடத்தை மாற்றாது.

செப்டம்பர் 16

நேற்று விட்டுப்போனது. ஃபிளாஷ்களை ரேடியோ வழியாக இயக்குவோர் கவனிக்க: நேரான குழாயில் சிக்கல் இல்லை, ஆனால் இரண்டு வளைவுகளுக்கு அப்பால் பாறை சைகையைத் தடுத்துவிடுகிறது. அங்கே முதல் ஃபிளாஷின் ஒளியைக் கண்டு தானே வெடிக்கும் உணரியை இரண்டாவது ஃபிளாஷில் பொருத்துவது நம்பத்தக்கது. மின்கலம் 5 அல்லது 6 டிகிரிக் குளிரில் விரைவாகச் சோர்ந்துவிடும். அல்கலைன் வேண்டாம், மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் வகையே குளிரைத் தாங்குகிறது.

செப்டம்பர் 21

பனிமூட்டம் படிவதைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், குகை குளிர்ச்சியானதால் உள்ளே நுழைந்ததும் லென்ஸில் ஆவி படியும் என்கிறார். கோடையில் அப்படி நடப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்கு (அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே கண்ணாடி குளிர்ந்திருந்தால்தான் ஆவி படியும். ஏப் குகையில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ். கோடையில் வெளியிலிருந்து சூடான லென்ஸை உள்ளே கொண்டுபோனால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். இரண்டு மணி நேரம் குளிர்ந்த அதே லென்ஸை வெளியே எடுத்தவுடன்தான் முழுவதும் மூடிக்கொள்ளும். மேலேறும் ஏணிக்கு முன்பே கேமராவைப் பையில் போட்டு இறுக மூடி, காருக்குள் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் போதும்.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். கலிபோர்னியாவின் வடகோடியிலுள்ள லாவா பெட்ஸ் தேசிய நினைவிடத்தில் வெளியே உறைபனியாக இருக்கும்போது குகைகள் அதைவிட வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கே நுழைந்த நொடியில் ஆவி படியும், துடைக்கத் துடைக்கப் படியும். வாயிலில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதைவிடத் தொல்லை தருவது நம் மூச்சு. குளிர்ந்த ஈரக் காற்றில் விடும் மூச்சு லென்ஸுக்கு முன்னால் துளிகளாக மிதக்கும். கேமராவின் மேலிருக்கும் ஃபிளாஷ் அந்தத் துளிகளைத்தான் முதலில் வெளிச்சமிடும். மலையேறி வியர்த்து வந்தவர்களின் உடம்பிலிருந்தும் ஆவி எழும். மூச்சைப் பக்கவாட்டில் விட்டு, இரண்டடி தள்ளி நின்று, தொலைவிசையால் ஷட்டரை அழுத்துவது என் வழக்கம். ஆளின் பின்னால் ஃபிளாஷ் இருக்கும்போது மட்டும் இதே ஆவி அழகாக ஒளிர்ந்து படத்துக்கு உதவுவதுண்டு. அதற்காக மைத்துனரை ஓடவிட்டு வியர்க்கவைத்ததாக வந்த குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

அக்டோபர் 5

கேமரா இருக்கும் இடத்தில் விளக்கு இருக்கக் கூடாது என்று செப்டம்பர் 9-இல் எழுதிய விதிக்கு ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும். லாவா பெட்ஸில் 'கோல்டன் டோம்' என்றொரு குகை இருக்கிறது. அதன் கூரையில் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் நீரை ஒட்டவிடாது. அதன்மேல் ஈரம் மணிமணியாக நிற்கும். விளக்கடித்தால் கூரை முழுவதும் தங்கத் தூள் தெளித்ததுபோல் மின்னுகிறது. நான் வழக்கப்படி விளக்கைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது பொன்னிறம் மங்கி, கூரை வெறும் ஈரப் பாறையாகிவிட்டது. வட்டமான நீர்மணி தனக்குள் நுழைந்த ஒளியில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், விளக்கு கண்ணுக்கோ லென்ஸுக்கோ அருகில் இருக்கும்போதுதான் அது நம்மை வந்தடைகிறது. அங்கே லென்ஸை ஒட்டி ஒரு சிறு கைவிளக்கைப் பிடித்து, பாறையின் உருவத்துக்காகப் பக்கத்தில் மிகக் குறைந்த அளவில் ஃபிளாஷை வைத்தேன்.

ஏப் குகையின் சுவர்களிலும் இத்தகைய நுண்ணுயிர்ப் படலம் உண்டு. குகைக்குள் வாழும் சிற்றுயிர்களுக்கு அது உணவு. படத்துக்காகச் சுவரில் சாய்ந்து நிற்பதும் கைவைத்துப் பார்ப்பதும் கூடாது.

அக்டோபர் 6

பல படங்களை ஒன்றாக ஒட்டுவது ஏமாற்று வேலையல்லவா என்ற விவாதம் கீழே சூடாகியிருக்கிறது. ஒட்டுவது என்று அவர்கள் சொல்வது இதுதான்: கேமராவை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்து, ஒரே ஃபிளாஷை ஐந்தாறு இடங்களுக்கு எடுத்துச்சென்று தனித்தனியாகப் படமெடுத்து, பிறகு கணினியில் ஒவ்வொன்றிலும் ஒளி விழுந்த பகுதியை மட்டும் சேர்ப்பது.

1861-இல் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் நதார் பாரிஸின் நிலத்தடிச் சவக்கிடங்குகளை மின்வில் விளக்கு கொண்டு படமெடுத்தபோது ஒரு படத்துக்குப் 18 நிமிடம்வரை ஆயிற்று. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க ஆளில்லாமல், தொழிலாளி உடையணிந்த பொம்மைகளை நிறுத்தினார். 1866-இல் சார்லஸ் வால்டாக் கென்டக்கியின் மேமத் குகையில் மெக்னீசியத்தைக் கொளுத்திப் படமெடுத்தார். மெக்னீசியம் எரிந்தால் எழும் வெண்புகை காற்றோட்டமில்லாத கூடத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை நினைத்தால், அடுத்த படத்துக்கு அவர் பட்ட பாடு விளங்கும். 1952-இல் டெக்ஸ் ஹெல்ம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள கார்ல்ஸ்பாட் குகையின் பெரிய கூடத்தை ஒரே படத்தில் அடக்க 2400 ஃபிளாஷ் பல்புகளை வெடித்தார். முழு இருட்டில் விளக்கு ஏற்றுபவர் எவராயினும் ஒரு காட்சியை உண்டாக்கவே செய்கிறார். ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபிளாஷை ஐந்து இடங்களில் கையால் வெடிப்பதை நேர்மை என்கிறவர்கள், அதையே ஐந்து கோப்புகளாக எடுத்தால் மோசடி என்பது எனக்குப் பிடிபடவில்லை. கல்லை நகர்த்துவது, இல்லாத ஒளிக்கற்றையைக் கணினியில் வரைவது ஆகியவை வேறு. அவற்றை நானும் ஏற்பதில்லை.

அக்டோபர் 7

பழைய பல்புகளை இன்னும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மை. பல்பு எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசும், அதன் எரிதலும் நீடிக்கும். மின்னணு ஃபிளாஷ் கூரையிலிருந்து விழும் நீர்த்துளியை அந்தரத்தில் உறையவைக்கும். பல்பு அதைக் கோடாக இழுக்கும். எனக்குக் கோடு பிடிக்கும், ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்ற செலவு பிடிக்கவில்லை.

நவம்பர் 2

கேள்வி கேட்டவர் குடும்பத்துடன் போய்வந்து படங்களை இட்டிருக்கிறார். கீழ்ப்பகுதியிலுள்ள 'மீட்பால்' கல்லின் படம் நன்றாக வந்திருக்கிறது. அறியாதவர்களுக்கு: குழம்பு ஓடிக்கொண்டிருந்தபோதே கூரையிலிருந்து விழுந்து, அதன்மேல் மிதந்து வந்து, குழாய் குறுகும் இடத்தில் சிக்கித் தரைக்கு மேலே நின்றுவிட்ட பாறை அது. அவர் தம் மகளைக் கல்லுக்கு அப்பால் நிறுத்திப் பின்னொளி கொடுத்ததால், கல்லுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கு கோடாகத் தெரிகிறது, கல் சிக்கிக்கொண்டிருப்பது புரிகிறது. முன்னாலிருந்து விளக்கடித்த படங்களில் அது சுவரோடு ஒட்டிய புடைப்பாகவே தோன்றும்.

ஒரு குறை. பின்னால் மஞ்சள் ஒளி, முன்னால் நீல ஒளி. இரண்டு வெவ்வேறு கைவிளக்குகள் என்பது தெரிகிறது. மலிவான எல்இடி விளக்குகளில் சிவப்புப் பகுதி பலவீனமானது. சுவரிலுள்ள இரும்பு ஆக்சைடின் செம்மை அதில் செத்துப்போகும். நிறம் காட்டும் குறியீட்டெண் 90-க்கு மேலுள்ள விளக்குகளை ஒரே வகையாக வாங்கிக்கொள்வது நல்லது.

நவம்பர் 23

நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஐஸ்லாந்து அனுபவத்தைச் சேர்க்கிறேன். ரேய்க்யவிக்குக்கு அருகிலுள்ள ரௌஃபர்ஹோல்ஷெட்லிர் 1360 மீட்டர் நீளமான குழாய். அதன் முற்பகுதியில் கூரை சில இடங்களில் இடிந்து வானம் தெரிகிறது. குளிர்காலத்தில் அந்தத் துளைகளின் கீழே பனி குவிந்து கிடக்கிறது. இங்கே சிக்கல் நேர்மாறானது: வெளிச்சம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. பனிக்கும் பாறைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கேமரா உணரியும் ஒரே படத்தில் தாங்காது. மூன்று நான்கு வெளிச்ச அளவுகளில் எடுத்துச் சேர்க்கலாம். நானோ மேகமூட்டமான நேரத்தில் போய், துளையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, கீழே விழும் ஒளியை மட்டும் எடுப்பதையே விரும்புகிறேன். அங்கிருந்த லாவா தொங்கல்களில் பெரும்பாலானவை முன்பு வந்தவர்களால் உடைத்து எடுத்துச்செல்லப்பட்டுவிட்டன. கூரையில் அடித்தண்டுகள் மட்டும் மிச்சம்.

அதே ஐஸ்லாந்திலுள்ள த்ரீக்னுகாகிகுர் வேறு வகை. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து அடங்கிய எரிமலையின் குழம்பறைக்குள் கூண்டில் 120 மீட்டர் இறக்கிவிடுகிறார்கள். 2012 முதல் பொதுமக்கள் போகலாம். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகச் சுவர்கள். அவற்றைக் காட்டும் நிலைவிளக்குகளை நாம் நகர்த்த முடியாது, குழுவோடு மேலேறியாக வேண்டும் என்பதால் நேரமும் கையில் இல்லை. அங்கே நான் செய்த ஒரே நல்ல காரியம், வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பூட்டியது. கேமரா அந்தச் சுவரைப் பார்த்தால் நிறம் தப்பு என்று நினைத்துத் திருத்தத் தொடங்கிவிடும்.

நவம்பர் 24

ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவின் குவேவா தே லோஸ் வெர்தெஸ் என்னும் லாவா குழாய் பற்றிக் கேட்டவருக்கு: போய்ப் பாருங்கள். கலைஞர் ஹேசூஸ் சோட்டோ அமைத்த விளக்குகள் 1960-களிலிருந்து அங்கே இருக்கின்றன. பக்கவொளியின் பாடத்தை அவரிடமே கற்கலாம். கடைசியில் வழிகாட்டி ஓர் இடத்தில் நிறுத்தி, பார்த்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார். நானும் சொல்லமாட்டேன். கிட்டப்போகும்போது கால்வைக்கும் இடத்தைப் பாருங்கள், அவ்வளவே.

அதே குழாயின் கடலோரப் பகுதியான ஹமேயோஸ் தெல் ஆகுவாவின் குளத்தில் வெள்ளை நிறத்தில், கண்பார்வையற்ற குட்டி நண்டினம் வாழ்கிறது. வெளிச்சத்தால் அதற்குத் தொந்தரவு என்பதால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

2025 ஜனவரி 11

வௌவால்களைப் படமெடுக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: குளிர்காலத்தில் வேண்டாம். உறக்கத்திலிருக்கும் வௌவால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் வசந்தம் வரை தாக்குப்பிடிக்க வேண்டிய கொழுப்பைச் செலவழிக்கிறது. ஏற்கெனவே வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சைத் தொற்று அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் அது 2016-இல் கண்டறியப்பட்டது. லாவா பெட்ஸில் குகைக்குள் போக இலவச அனுமதிச்சீட்டு வாங்கும்போது, இதற்கு முன் வேறு எந்தக் குகைக்குப் போனீர்கள், அதே உடைகளையும் கருவிகளையும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பலரும் காலணியைக் கழுவிவிட்டு வருகிறார்கள். முக்காலியின் கால்களையும், ஃபிளாஷைத் தரையில் வைக்கப் பயன்படுத்திய பையையும் மறந்துவிடுகிறார்கள். குகைச் சேறு அதிகம் ஒட்டுவது அவற்றில்தான். துணிப்பட்டை சுற்றிய முக்காலிக் கால் என்றால் பட்டையை அவிழ்த்துத் தனியாகத் துவைக்க வேண்டும்.

ஜனவரி 12

துணிப்பட்டை எதற்கு என்று உடனே கேட்டிருக்கிறார்கள். உலோகக் கூர்முனை பசால்ட்டில் வெண்கோடு கீறும், அந்தக் கோடு அழியாது. முனையில் ரப்பர்க் குமிழ் மாட்டி, மேலே பட்டை சுற்றிக்கொள்கிறேன். ரப்பர், ஈரமான வழவழப்புப் பாறையில் கொஞ்சம் வழுக்கும். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் நின்றுவிடும்.